நாடுகளுக்கு நிகராய் நம் தாம்பரம்

உலக நாடுகளின் தலைநகர் யாது, பரப்பளவு எவ்வளவு, மக்கள் தொகை எத்துணை என்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் விடையிறுப்பர். பூட்டானின் தலைநகர் திம்பு என்பதும், மால்டாவின் தலைநகர் வலெட்டா என்பதும் பள்ளிச் சிறாருக்குத் தெரிந்த செய்திகளே. ஆனால் தாம் குடியிருக்கும் ஊரின் பரப்பு எவ்வளவு, தங்கள் தெருவில் பெய்யும் மழைநீர் எந்த ஏரிக்குச் சென்று எந்தக் கடல்முகத்தில் கலக்கிறது என்று வினவினால், பிள்ளைகள் மட்டுமன்று, பெற்றோரும் விழிப்பர். நாடுகளைப் பற்றி நூல்களில் எழுதும் முறையிலேயே நிலம், நீர், மக்கள், தொழில் என வகுத்து, நாம் வாழும் தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதியையும் ஒருமுறை நோக்குவது பயனுடைத்து.

இந்த ஒப்பீடு மிகைப்பட்டதாகத் தோன்றலாம். கணக்கைப் பார்ப்போம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக இணைந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. எழுபது வார்டுகள் கொண்ட இம்மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர். இத்தாலி நாட்டால் சூழப்பட்ட சான் மரினோ குடியரசின் பரப்பு 61 சதுர கிலோமீட்டர்தான். 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தப் பத்து ஊர்களிலும் வாழ்ந்தோர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர். பூட்டான் நாடு முழுவதிலும் 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காணப்பட்டோர் ஏறத்தாழ ஏழு லட்சத்து முப்பதாயிரம் பேர்! அவர்களுக்கு 38 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் உண்டு, நமக்கோ 87. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர்கூட இல்லை. இங்கே எண்ணாயிரம் பேர். இந்த ஒரு வேறுபாட்டிலேயே நம் ஊரின் செழிப்பும் அடங்கியுள்ளது, இடர்ப்பாடும் அடங்கியுள்ளது.

நிலம்

பரங்கிமலையிலிருந்து திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர் வரை சிறு குன்றுகள் ஆங்காங்கே எழுந்து நிற்கின்றன. இக்குன்றுகளின் கல் உலகப் புகழ் வாய்ந்தது. கல்கத்தாவில் அடக்கம் செய்யப்பட்டுள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்துள்ள கல் இவ்வகையைச் சேர்ந்தது. 1893 ஆம் ஆண்டில் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் இதனை ஆராய்ந்து, அக்கல்லறைக்கு உரியவரின் பெயரால் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். இன்று உலகின் எப்பகுதியில் இப்பாறை காணப்பட்டாலும் அதற்கு இப்பெயரே வழங்குகிறது. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது.

இந்நிலத்தில் மனிதன் வாழ்ந்த காலமும் மிகத் தொன்மையானது. 1863 மே 30 ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் அறிஞர் பல்லாவரத்தில் செம்மண் சரளையினிடையே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதலில் அடையாளங் காணப்பட்ட சான்று அதுவே. பிற்காலத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே குடைவரை ஒன்றை அமைத்தான்; ஊரின் பெயரிலும் பல்லவர் நினைவு நிலைத்துள்ளது.

கத்தோலிக்க மக்களாகிய நமக்கு இம்மண் இன்னும் நெருங்கியது. சுமார் முந்நூறு அடி உயரமுள்ள பரங்கிமலையில், கி.பி. 72 ஆம் ஆண்டில் திருத்தூதர் புனித தோமையார் இரத்தம் சிந்தி மறைசாட்சியானார் என்பது வழிவழி வந்த மரபு. 1523 இல் போர்த்துக்கீசியர் அங்கே தேவாலயம் எழுப்பினர். 1547 இல் அகழ்ந்தபோது பகலவி மொழி எழுத்துப் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. மலையேறும் படிகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726 இல் பாலம் கட்டியவரும் அவரே. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இம்மலைக்கு வருகை தந்தார். 2002 இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் தோன்றியபோது, பரங்கிமலைத் திருத்தலம் அதன் பொறுப்பில் அமைந்தது.

நீர்

நம் ஊர்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், முடிச்சூர், இரும்புலியூர், பீர்க்கன்கரணை. இவை யாவும் ஏரியைச் சார்ந்து உழவு செய்து பிழைத்த சிற்றூர்கள். இப்பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கொட்டித் தீர்ந்துவிடும். மூன்று மாதத்தில் வரும் நீரைக் கொண்டு பன்னிரண்டு மாதமும் வாழ வேண்டும். இதற்கு முன்னோர் கண்ட வழியே ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் வழிந்து போக்குக்கால் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக ஏரிகளை இணைத்துவைத்தனர்.

தாம்பரம் நீர் இரண்டாகப் பிரியும் மேடு. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாறாக உருக்கொண்டு, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு, சென்னை மாநகர் வழியே கடலை அடைகிறது. கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவைக் கடந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கோவளத்துக் கழிமுகத்தில் கலக்கிறது. ஆகவே மேற்குத் தாம்பரத்தில் விழும் துளிக்கும் கிழக்குத் தாம்பரத்தில் விழும் துளிக்கும் செல்லும் கடல்முகம் வெவ்வேறு.

கழுவெளி என்று முன்னோர் அழைத்த பள்ளிக்கரணை, ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்குக் குறையாமல் பரந்து கிடந்தது. குப்பைமேடும், சாலைகளும், கட்டடங்களும் அதனைத் தின்று தீர்க்க, எஞ்சியது பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. 2007 இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது.

மக்கள்

1931 இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. தாம்பரத்தின் வரலாற்றை அந்த ஆண்டு இரு கூறாக்குகிறது எனலாம். அதற்கு முன்னர் இது ஏரியும் வயலும் குறுங்காடும் சூழ்ந்த கிராமம். அதற்குப் பின்னர், பட்டணத்தில் பணிபுரிவோர் குறைந்த விலையில் மனை வாங்கிக் குடியேறும் புறநகராயிற்று. 1964 இல் நகராட்சி ஆயிற்று. 2004 இல் மீட்டர்ப் பாதை முற்றிலும் அகன்று அகலப்பாதையாயிற்று. தென்மாவட்டங்களிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் வருவோர் முதலில் இறங்கும் இடம் தாம்பரமாதலின், நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர் இங்கேயே தங்கினர். நம் பங்குகளின் திருவிழாக்களில் அவ்வூர்களின் பேச்சு வழக்கு காதில் விழுவது இதனால்தான். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அந்த வாயிலை இன்னும் தெற்கே நகர்த்திற்று.

பழைய தாம்பரம் நகராட்சியில் மட்டும் 2001 இல் 1,37,933 பேர் இருந்தனர். 2011 இல் 1,74,787 பேர். பத்தாண்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வளர்ச்சி! பல்லாவரத்தில் 2011 இல் 2,15,417 பேர். 2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா நோய்த்தொற்றினால் தள்ளிப்போயிற்று. குடிநீரும் சாலையும் பள்ளியும் பழைய எண்ணைக் கொண்டு வகுக்கப்பட்டால், பின்னர் வந்தவர்கள் கணக்கில் இல்லாதவர்களாகிவிடுவர். கணக்கில் விடுபட்டவர் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பார்: வாடகைக் குடித்தனக்காரர், கட்டட வேலைக்கு வட மாநிலத்திலிருந்து வந்த இளைஞர், ஏரிக்கரையில் குடிசை போட்டவர். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது நம் வீட்டின் பின்கட்டில் குடியிருப்போரையும் அவருக்குச் சுட்டிக்காட்டுவது ஓர் அறச்செயலே.

நாள்தோறும் பணிக்காக எல்லை கடந்து செல்லும் மக்கள் நமக்கு மட்டும் உரியவரல்லர். மேலை ஐரோப்பாவில் லக்சம்பர்க் என்ற சிறுநாட்டின் மக்கள் தொகை 2021 இல் ஆறரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் பிரான்சு, பெல்ஜியம், செர்மனி ஆகிய அண்டை நாடுகளிலிருந்து இரண்டு லட்சம் பேர் அன்றாடம் அங்கே வேலைக்கு வந்து மாலையில் திரும்புகின்றனர். நெரிசலைக் குறைக்க 2020 முதல் அந்நாடு பேருந்தையும் இரயிலையும் யாவருக்கும் இலவசமாக்கிற்று. காலை ஏழு மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் நிற்போர் இதனைக் கேட்டுப் பெருமூச்சு விடுவர்.

தொழில்

'குரோம்பேட்டை' என்னும் பெயரே ஒரு தொழிற்சாலையின் நினைவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதுமுறையைக் கைக்கொண்டு நிறுவப்பட்ட குரோம் லெதர் கம்பெனியைச் சுற்றி எழுந்த ஊர் அது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின; ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது; அவர்தம் கிணறுகளின் நீரோ கெட்டது. கழிவுநீரைச் சுத்திகரியாத தோல் ஆலைகளுக்கு எதிரான வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதனைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டிற்று.

அனகாபுத்தூர் நெசவாளர் நெய்த சென்னைக் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்று விற்பனையாயிற்று. அந்தச் சந்தை மறைந்தபின் தறிகள் குறைந்தன. எஞ்சியோர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கலந்து சேலை நெய்து புதுவழி கண்டனர். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கார்களைச் செய்தது; 1980 களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. தெற்கே மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022 இல் கார் உற்பத்தியை நிறுத்திற்று. பெரிய ஆலையொன்று மூடப்படும்போது அதன் ஊழியருடன் அதற்கு உதிரிப்பாகம் செய்த சிறுபட்டறைக்காரரும், வாயிலில் தேநீர் விற்றவரும் சேர்ந்தே நலிகின்றனர்.

மறுபுறம், 1984 இல் தாம்பரம் சானடோரியத்தில் 262 ஏக்கரில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. 2003 இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. ஆயத்த ஆடை முதல் மின்னணுக் கருவி, கணினி மென்பொருள் வரை அங்கிருந்து அயல்நாடு செல்கின்றன. காலையில் அதன் வாயில்களில் நுழையும் மகளிர் கூட்டமே பல குடும்பங்களின் அடுப்பெரியக் காரணம்.

கல்வியும் மருத்துவமும்

1837 இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு நிறைந்த 1937 இல் பட்டணத்தின் நெருக்கத்தை விட்டுச் சேலையூர்க் காட்டில் 365 ஏக்கரில் குடியேறியது. வத்திக்கான் நகர நாட்டின் பரப்பு 44 எக்டேர், அதாவது ஏறத்தாழ 109 ஏக்கர். அத்தகைய மூன்று நாடுகளை அக்கல்லூரி வளாகத்துள் அடக்கலாம்! வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவர் துணைவியாரும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தனர். 1938 டிசம்பரில் சுமார் எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் கலந்துகொண்ட அனைத்துலக நற்செய்திப் பணி மாநாடு அங்கே கூடிற்று. நம் பிரிந்த சகோதரர்களின் திருச்சபை வரலாற்று நூல்களில் 'தாம்பரம்' என்னும் சொல் அம்மாநாட்டையே குறிக்கும்.

1928 இல் மருத்துவர் சவுரிமுத்து, நல்ல காற்றும் அமைதியும் வாய்ந்த 250 ஏக்கர் நிலத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் அமைத்தார். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே சிகிச்சை. 1937 இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. மருந்துகள் வந்தபின், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் நோயாளியும் மருத்துவமனையில் இருப்பவருக்கு நிகராகக் குணமடைவார் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959 இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளையும் ஏற்றது, உற்றார் தொட அஞ்சிய காலத்திலும் அதன் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது. அதனருகே 2005 இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது.

நம்முன் நிற்கும் வினா

இத்துணைச் சிறப்புகள் வாய்ந்த ஊரின் எதிர்காலம் நீரில் தங்கியுள்ளது. 2015 டிசம்பர் 1 ஆம் நாள் பெய்த மழையில் ஓரிரவும் பகலுமாகத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. தெருக்களில் படகுகள் சென்றன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், குடிநீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றோம். சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் நீர் வந்தது. ஒரே ஊர் வெள்ளத்தாலும் வறட்சியாலும் வாடியதன் காரணம் யாது? நீர் தங்கும் ஏரியும், நீர் நடக்கும் கால்வாயும் மனைகளாயின. தங்க இடமின்றி நீர் நம் வீட்டுக்குள் வந்தது. தங்காமையால் கோடையில் நம் கிணற்றில் இல்லை.

பசிபிக் பெருங்கடலில் நவுரு என்றொரு தீவுநாடு உண்டு; பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அதன் மண்ணில் பாஸ்பேட் என்னும் உரப்பொருள் மிகுந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அதனைத் தோண்டி விற்றனர். 1970 களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் அந்நாடு நின்றது. பாஸ்பேட் தீர்ந்தது, செல்வமும் தீர்ந்தது, தீவின் பெரும்பகுதி பயிர் செய்யவும் குடியிருக்கவும் ஆகாத கற்பாழாக எஞ்சியது. நம் திரிசூலம், பல்லாவரம், பம்மல் குன்றுகளிலும் கல்லுடைத்து விற்ற பள்ளங்கள் உள. நிலத்தை விற்பனைப் பொருளாக மட்டும் கண்டவர் எவ்விடத்திலும் அடையும் முடிவு ஒன்றே.

மால்டாவின் வழி வேறு. கடலில் கப்பலுடைந்து கரையேறிய புனித சின்னப்பரை அத்தீவின் மக்கள் அன்புடன் ஏற்றதைத் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நாட்டில் ஆறு கிடையாது. வலெட்டா நகரைக் கட்டியபோதே, மழைநீரைச் சேமிக்கும் தொட்டியின்றி வீடு எழுப்பலாகாது என்று விதி செய்தனர். இக்காலத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியே பாதிக்கும் மேற்பட்ட தேவையை நிறைவு செய்கின்றனர். நாமும் நெம்மேலியில் 2013 இலும் 2024 இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கண்டோம். ஆயினும் கடல்நீர்க்குச் செலவு மிகுதி. மழையோ விலையின்றி வருவது. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003 இலேயே கட்டாயமாக்கிற்று. அவ்வாண்டு அமைத்த குழாயும் தொட்டியும் இன்றும் தூர்வாரப்பட்டுப் பயன்படுகின்றனவா என்பதை ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தம் வீட்டு மாடியிலும் முற்றத்திலும் சென்று காணட்டும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. சிட்லபாக்கம் ஏரியில் குப்பையும் செடியும் மண்டிக் கிடந்தபோது, 2019 கோடையில் அவ்வூர் மக்களே கைகளில் மண்வெட்டியுடன் இறங்கினர். அதன்பின் அரசும் அதனைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. ஊர் முதலில் எழுந்தது. அரசு பின்னர் வந்தது. பழந்தமிழகத்தின் குடிமராமத்து என்பதும் இதுவே.

நல்ல நீர் கிடைப்பது மனிதரின் அடிப்படை உரிமை என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015 இல் விடுத்த 'லவ்தாத்தோ சீ' என்னும் சுற்றுமடலில் தெளிவுறக் கூறியுள்ளார். நம் ஆண்டவரும் யாக்கோபின் கிணற்றடியில் களைத்து அமர்ந்து, அயலினத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். தண்ணீரைக் கேட்டவரும் கொடுப்பவரும் அங்கே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். நம் தெருவிலோ, அடுத்த வீட்டுக்காரர் எம்மாவட்டத்தவர் என்றும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் அன்பியக் கூட்டங்கள் மழைக்காலத்துக்கு முன் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, தத்தம் பகுதியின் ஏரி எது, அதன் வரத்துக்கால் எங்கே அடைபட்டுள்ளது என்பதைப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று கண்டறிந்து மாநகராட்சிக்கு எழுதுதல். இரண்டாவது, கோவில், பள்ளி, கன்னியர் மடம் ஆகிய நம் கட்டடங்களின் மழைநீர் ஒரு துளியும் வீணாகாது மண்ணுக்குள் இறங்கச் செய்தல். மூன்றாவது, தாழ்ந்த பகுதியில் குடியிருக்கும் முதியோர், நோயாளிகள், அண்மையில் குடிவந்தோர் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, வெள்ளம் வருமுன்னே அவர்களுக்குத் தங்குமிடம் குறித்துவைத்தல்.

பூட்டானையும் மால்டாவையும் நம் பிள்ளைகள் தொடர்ந்து படிக்கட்டும். அவற்றோடு, புனித தோமையாரின் பாதம் பட்ட இந்த 87 சதுர கிலோமீட்டரையும் படிக்கட்டும். இதனைக் காக்கும் கடமையை இறைவன் வேறெந்த நாட்டாருக்கும் தரவில்லை. இங்கே வாழும் நமக்கே தந்துள்ளார்.